எல்லை தாண்டும் வண்டி

இத்தாலியின் வடபகுதியில் ரூபிகன் என்ற ஒரு சிற்றாறு. பெரிய வெள்ளமோ ஆழமோ இல்லாத அந்த ஆறு உலக சரித்திரத்தில் இடம் பெற்றதற்குக் காரணம், அது ஓர் எல்லைக் கோடாக இருந்ததுதான். ஆற்றுக்கு வடக்கே ஜூலியஸ் சீஸர் ரோமாபுரி முறைப்படி நியமித்த அதிகாரி. படையை நடத்தவும் ஆணையிடவும் அவனுக்கு முழு உரிமை உண்டு. அதே படையுடன் தெற்குக் கரையில் கால் வைத்தால் அவன் ராஜத்துரோகி. கி.மு. 49-ஆம் ஆண்டில் அவன் அந்த ஆற்றைக் கடந்தான். ஆள் மாறவில்லை, படை மாறவில்லை, கையிலிருந்த வாளும் மாறவில்லை. மாறியது கால் நின்ற மண் ஒன்றுதான். அது மாறியவுடன் சட்டத்தின் கண்ணில் எல்லாமே மாறிவிட்டது.

இதே பெயரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. ஸியரா நெவாடா மலையில் ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் 22 மைல் பாதை அது. பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பாறை மேல் பாறையாகக் கிடக்கும் ஒரு மலைச் சரிவு என்பதே உண்மை. 1953-ஆம் ஆண்டில் அங்கே ஜீப் வைத்திருப்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்து முதல் யாத்திரையை நடத்தினார்கள். இன்றும் அந்த யாத்திரை நடக்கிறது. யாத்திரை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். கடினமான ஓர் இடத்துக்கு விரதமிருந்து போகிறவனைப் போலவே இந்த ஜீப்காரர்களும் பல மாதங்கள் தங்கள் வண்டியைத் தயார் செய்கிறார்கள். உடம்பைக் காட்டிலும் உயரமாகத் தூக்கிக் கட்டுகிறார்கள், பெரிய சக்கரங்கள் பூட்டுகிறார்கள், கதவுகளைக் கழற்றுகிறார்கள், சேற்றில் சிக்கினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்புறம் கம்பிச் சுருளைப் பொருத்துகிறார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஜீப் என்ற வண்டியே ஒரு யுத்தத்தின் அவசரத்தில் பிறந்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து ஏறக்குறைய 6,40,000 ஜீப்புகளைச் செய்து தள்ளின. யுத்தம் முடிந்ததும் அந்த வண்டிகள் விவசாயியின் வயலுக்கும், சர்வேயரின் காட்டுக்கும், வேட்டைக்காரனின் மலைக்கும் வந்து சேர்ந்தன. அதை வாங்கியவன் ஒவ்வொருவனும் தன் தேவைக்கேற்ப அதை வெட்டினான், ஒட்டினான், மாற்றினான். தன் கையால் ஒன்றைத் திருத்தித் தன் தேவைக்கு உகந்ததாக ஆக்கிக்கொள்வதில் மனிதனுக்கு ஓர் ஆதி மகிழ்ச்சி உண்டு. உழவன் தன் கலப்பையின் மேழியைத் தன் கைக்குத் தக்கபடி செதுக்கிக்கொள்வதில்லையா? அந்த மகிழ்ச்சிதான் இது.

ஆனால் அந்த வண்டி வீட்டு முற்றத்தில் நிற்பதில்லை. அது சாலைக்கு வருகிறது. சாலையில் போகும்போது ஒரு மாநிலத்தைக் கடந்து இன்னொரு மாநிலத்துக்குள் போகிறது. நான் சொல்ல வந்த கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அமெரிக்காவில் வண்டிகளைப் பதிவு செய்வது மாநிலங்களின் வேலை. புதிதாகச் செய்து விற்கும் மோட்டார்களின் பாதுகாப்பைப் பற்றி 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மத்திய சர்க்கார் விதிகள் செய்கிறது. ஆனால் விற்ற பிறகு அந்த வண்டி எந்தச் சாலையில், எந்தக் கோலத்தில், என்னென்ன பூட்டிக்கொண்டு ஓடலாம் என்பதை 50 மாநிலங்களும் தனித்தனியே சொல்கின்றன. ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜீப்புக்குத் தம்பி முறையாக இப்போது ஒரு வண்டி அங்கே பெருகியிருக்கிறது. மணலிலும் பாறையிலும் ஓடுவதற்கென்றே செய்த, இருவர் பக்கத்தில் பக்கம் அமரக்கூடிய, சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு மட்டுமே கொண்ட, திறந்த நான்கு சக்கர வண்டி. யூட்டா மாநிலத்தில் இதற்குத் திரும்பும் விளக்கு, பின்பார்வைக் கண்ணாடி, ஹாரன் முதலிய சாதனங்களைப் பூட்டி, முறைப்படி பதிவு செய்து எண் பலகை மாட்டிக்கொண்டால், அதிவேக நெடுஞ்சாலைகள் நீங்கலாகப் பல சாலைகளில் சட்டப்படியே ஓட்டலாம். பக்கத்து மாநிலமான கொலராடோ அந்த எண் பலகையைப் பொதுச் சாலைக்கான அனுமதியாக ஏற்பதில்லை. உள்ளூர் ஆட்சியினர் திறந்துவிட்ட பாதைகளில் மட்டும் இவ்வகை வண்டிகள் போகலாம்.

இந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே உள்ள எல்லை எது? ரூபிகனைப் போல ஓர் ஆறுகூட இல்லை. 1861-இல் கொலராடோவைத் தனிப் பிரதேசமாக வகுத்தபோது வாஷிங்டன் நகரில் அமர்ந்திருந்த காங்கிரஸ் அட்சரேகைகளையும் தீர்க்கரேகைகளையும் கொண்டு தேசப்படத்தில் ஒரு பெட்டியை வரைந்தது. அந்தப் பெட்டியின் மேற்குக் கோடுதான் இன்றைய எல்லை. ஒரே சிவப்பு மண், ஒரே புதர், ஒரே காற்று. இங்கே யோக்கியனாக வண்டி ஓட்டி வந்தவன், பத்தடி தாண்டினால் குற்றவாளி!

யூட்டாவில் பல ஆண்டுகளாக வாழும் நண்பர் ஒருவர் என்னிடம் இதைப் பற்றி வாதாடினார். அவரிடம் இப்படிப்பட்ட வண்டி ஒன்று உண்டு. "நீங்களே சொல்லுங்கள். நியாயம் என்பது ஒன்றுதானே? அது கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் இருந்தால் அது நியாயமே அல்ல, வெறும் வழக்கம். வழக்கத்துக்கு என் மனச்சாட்சி ஏன் தலை வணங்க வேண்டும்? போலீஸ்காரர் பிடித்தால் அபராதம் கட்டுகிறேன். பிடிக்காவிட்டால் நான் எந்தத் தவறும் செய்யவில்லை" என்றார்.

அலட்சியமாக ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல இது. இதற்குப் பின்னால் அமெரிக்காவின் சரித்திரமே ஒரு பெரிய சாட்சியாக நிற்கிறது. ஒஹாயோ நதி என்று ஒன்று அங்கே ஓடுகிறது. தென் கரையில் கென்டக்கி, வட கரையில் ஒஹாயோ. உள்நாட்டுப் போருக்கு முந்தைய காலத்தில், தென் கரையில் ஒரு மனிதனை இன்னொரு மனிதன் விலைக்கு வாங்கலாம், விற்கலாம். வட கரையில் அடிமைமுறைக்கு இடமில்லை. நதியின் நடுவே படகில் இருக்கும் கறுப்பு மனிதன் ஒருவன் எப்போது மனிதனாகிறான்? கரை தட்டும்போதா? அதுவும் நிச்சயமில்லை. 1850-ஆம் ஆண்டுச் சட்டம், தப்பி வந்தவனை வட கரையிலும் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. அவனுக்குச் சோறும் இடமும் கொடுத்தவர்கள் குற்றவாளிகளானார்கள். அந்தக் குற்றவாளிகளைத்தான் இன்று நாம் சான்றோர்கள் என்று போற்றுகிறோம்.

ஆகவே, "எந்த மண்ணில் நிற்கிறாயோ அந்த மண்ணின் சட்டத்துக்குப் பணிந்து போ" என்பது எப்போதும் பொருந்தும் தர்மம் அல்ல. என் நண்பரின் பக்கத்தில் இவ்வளவு பெரிய உண்மை இருக்கிறது. அப்படியானால் அவர் கொலராடோவுக்குள் ஓட்டிச் செல்லலாமா?

கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சட்டங்கள் இரண்டு வகை. ஒன்று, சட்டம் சொல்வதற்கு முன்பே தவறாக இருந்த ஒன்றைத் தவறு என்று சொல்லும் சட்டம். கொலை, களவு, அடிமைத்தனம் எல்லாம் அந்த வகை. அங்கே சட்டம் நியாயத்துக்குப் பின்னால் நடக்கிறது. நியாயத்தை விட்டு விலகினால் சட்டம் தன் மதிப்பையே இழக்கிறது. மற்றொன்று, நாலு பேர் ஒரே இடத்தில் புழங்கும்போது ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் இருப்பதற்காக ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு. இங்கே சட்டம் வருவதற்கு முன் சரியும் இல்லை, தவறும் இல்லை. சட்டம் வந்த பிறகுதான் சரி தவறு பிறக்கிறது.

சுவீடன் தேசத்தில் வெகு காலம் சாலையின் இடப்புறமாக வண்டி ஓட்டி வந்தார்கள். 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்குத் தேசம் முழுவதும் வலப்புறத்துக்கு மாறியது. சனிக்கிழமை இடப்புறம் ஓட்டியவன் நல்ல குடிமகன். ஞாயிற்றுக்கிழமை காலை அதே பக்கத்தில் ஓட்டியவன் எதிரே வருகிறவனின் உயிருக்கு எமன். இடப்புறத்தில் இயற்கையாகவே ஒரு பாவம் வந்து ஒட்டிக்கொண்டதா? இல்லை. எதிரே வருகிறவன் எதை நம்பி வருகிறான் என்பது மாறிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது.

சாலையில் நாம் ஒருவரையொருவர் அறியமாட்டோம். எதிரே வரும் வண்டியில் இருப்பவர் யார், அவர் குடித்திருக்கிறாரா, கோபத்தில் இருக்கிறாரா என்று விசாரிக்க நேரமில்லை. ஆயினும் அவருக்கு நான்கடி தூரத்தில் அறுபது மைல் வேகத்தில் போகிறோம். இவ்வளவு நம்பிக்கையை நாம் சொந்த உறவினர்களிடம்கூட வைப்பதில்லை! இந்த நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது? இந்தச் சாலையில் வரும் வண்டி இன்ன மாதிரித்தான் இருக்கும், இன்ன இடத்தில்தான் வரும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒழுங்கின் மேல் நிற்கிறது. அந்த ஒழுங்கு ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அதன் மேல்தான் அந்த ஊராரின் உயிர் இருக்கிறது.

கொலராடோ இப்படிச் சொல்வது வெறும் பிடிவாதமும் அல்ல. அந்த வண்டிகளைச் செய்கிற கம்பெனிகளே, இவை கெட்டியான தார்ச்சாலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்று எச்சரித்துத்தான் விற்கின்றன. மண்ணைக் கவ்விப் பிடிப்பதற்காகக் காற்றுக் குறைவாக வைத்த டயர்கள் தார்ச்சாலையின் திருப்பத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளும். யூட்டா சொல்வதும் மடமையல்ல. ஒரு காட்டுப் பாதைக்கும் இன்னொரு காட்டுப் பாதைக்கும் நடுவே சிறு ஊர்களும் வெறிச்சோடிய சாலைகளும் கிடக்கின்றன. அந்தத் தூரத்தைக் கடக்க அனுமதித்தால் பெரிய கேடு வராது என்று அது கருதுகிறது. இரண்டும் யோசித்தவர்கள் எடுத்த முடிவுகள். அவரவர் சாலைக்கு அவரவர் பொறுப்பு.

இந்தப் பொறுப்பைப் பற்றி அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு 1915-லேயே சொல்லிவிட்டது. வாஷிங்டன் நகரவாசியான ஹெண்ட்ரிக் என்பவர் 1910-இல் பக்கத்திலுள்ள மேரிலாந்துக்குள் தம் மோட்டாரில் போனார். மேரிலாந்தின் சட்டப்படி பதிவு செய்யவில்லை என்று அவரைப் பிடித்தார்கள். "நான் வெளியூர்க்காரன். எனக்குத் தேசம் முழுவதும் போய்வரும் உரிமை உண்டு" என்பது அவர் கட்சி. வேறு தேசியச் சட்டம் இல்லாதவரை, சாலையைப் போட்டுக் காப்பாற்றுகிற மாநிலம், அதில் ஓடுகிற வண்டிகளைப் பதிவு செய்யச் சொல்லலாம், வெளியூர் வண்டிக்கும் அது பொருந்தும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் மாநிலங்கள் ஒன்றின் பதிவை ஒன்று மதிப்பது என்ற நல்லெண்ண ஏற்பாட்டுக்கு வந்தன. அதனால்தான் சாதாரண மோட்டார்காரன் எல்லையை உணராமலே கடந்து போகிறான். ஆனால் அது விருந்தோம்பல். விருந்தாளி அதை உரிமையென்று எண்ணிவிடக் கூடாது.

நம் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒருவர் வீட்டில் செருப்போடு கூடம் வரை வரலாம். இன்னொருவர் வீட்டில் வாசற்படியிலேயே கழற்ற வேண்டும். "என் வீட்டில் கழற்றுவதில்லையே" என்று எவனும் வாதாடுவதில்லை. செருப்பில் பாவமில்லை என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கழற்றுகிறான். அந்தத் தரையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர்கள் அந்த வீட்டார் என்பதால்!

அப்படியானால் வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் விருந்தாளி கேட்க வேண்டுமா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1959-ஆம் ஆண்டில் அதே சுப்ரீம் கோர்ட்டு அதையும் காட்டியது. இல்லினாய் மாநிலம், லாரிகளின் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுப்பு மட்டை வளைவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், குறைந்தது 45 மாநிலங்களில், நேரான மட்டை போதும். ஆர்க்கன்ஸாவிலோ நேரான மட்டைதான் இருக்க வேண்டும்! அப்படியானால் இரண்டு மாநிலங்களிலும் ஓடுகிற லாரிக்காரன் நடுவழியில் நின்று மட்டையை மாற்ற வேண்டும். ஒரு முறை மாற்ற 2 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். வளைந்த மட்டையால் பாதுகாப்பில் தனி லாபம் இல்லை என்பதும் விசாரணையில் தெரிந்தது. நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பு இல்லினாய்ச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம் தீர்ப்பு மட்டுமல்ல. அந்த லாரிக் கம்பெனிகள் என்ன செய்தன என்பதும்தான். இரவோடு இரவாக நேரான மட்டையோடு இல்லினாய் வழியே நழுவிப் போய்விட்டு, "பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவை இருந்துவிடவில்லை. கோர்ட்டுக்குப் போய், "இந்தச் சட்டம் எங்களுக்கு மட்டுமல்ல, தேசத்தின் போக்குவரத்துக்கே பாரம்" என்று பகிரங்கமாக வாதாடின. சட்டம் தவறு என்று உண்மையாக நம்புகிறவன் அதை வெளிச்சத்தில் எதிர்க்கிறான். தனக்கு மட்டும் அது வேண்டாம் என்று நினைக்கிறவன்தான் இருட்டைத் தேடுகிறான்.

இப்போது ஒஹாயோ நதிக்குத் திரும்புவோம். அந்தக் கரையில் தப்பி வந்தவனை ஒளித்துவைத்த மனிதரும் இருட்டைத் தேடினாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் எங்கே இருக்கிறது? சட்டத்தை மீறுவதால் வரும் ஆபத்து யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவர் இன்னொருவனின் விடுதலைக்காகத் தம் சொத்தையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்தார். என் நண்பரோ தம் பொழுதுபோக்குக்காக, எதிரே வருகிற, தம்மை அறியாத ஒருவரின் நம்பிக்கையைப் பணயம் வைக்கப் பார்க்கிறார். அங்கே மீறியவர் பாரத்தைத் தாமே சுமந்தார். இங்கே பாரம் அயலான் தோளில் இறங்குகிறது. சட்டத்தை மீறிய இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. மனச்சாட்சி என்ற பெரிய சொல்லை நாம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். செலவு என்னுடையதா, பிறருடையதா?

இந்தக் கேள்வி கோட்டுக்கு இந்தப் பக்கமும் நம்மை விடாது. சட்டம் அனுமதித்த இடத்திலும் அது நம் பின்னாலேயே வருகிறது. அமெரிக்காவில் சாதாரணக் கார்களின் முன்னும் பின்னும் உள்ள பம்பர், தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரை உள்ள உயரத்தில் மோதலைத் தாங்க வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. எல்லாக் கார்களின் பம்பரும் ஒரே உயரத்தில் இருந்தால் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும். மனிதர்கள் தப்புவார்கள் என்பதே அதன் கருத்து. ஆனால் ஜீப், லாரி போன்ற வண்டிகளுக்கு அந்த விதி இல்லை. அவற்றை எவ்வளவு உயர்த்தலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. முப்பது அங்குலத்துக்கு உயர்த்திய ஒரு ஜீப் ஒரு சிறிய காரின் மேல் பக்கவாட்டில் மோதினால் எங்கே இடிக்கும்? இரும்புச் சட்டத்துக்கு மேலே, கதவின் மேல்பாதியில். அங்கே ஒரு தாயோ குழந்தையோ உட்கார்ந்திருக்கலாம். "என் மாநிலத்தில் இந்த உயரம் சட்டப்படி செல்லும்" என்ற பதில் கோர்ட்டில் செல்லுபடியாகலாம். அந்தக் கதவின் முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியுமா?

மனிதர்கள் மட்டுமல்ல, மண்ணும் இப்படித்தான். யூட்டாவின் பாலைவனத்தில் தரைக்கு மேல் கறுத்த, மேடு பள்ளமான ஒரு மெல்லிய தோல் படர்ந்திருக்கிறது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. அதன் மேல் ஒரு காலடியோ சக்கரமோ பட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த மாநிலத்துக்குள்ளேயே மத்திய சர்க்காரின் தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. 2019 செப்டம்பரில், மாநிலம் அனுமதித்த இந்தத் திறந்த வண்டிகளை அப்பூங்காக்களின் சாலைகளிலும் விட வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த மாதமே உத்தரவு வாபஸாயிற்று. ஆக, எல்லை என்பது இரண்டு மாநிலங்களுக்கு நடுவே மட்டும் இல்லை. ஒரே மாநிலத்துக்குள், ஒரே சாலையின் ஒரு திருப்பத்தில்கூட இருக்கிறது. எல்லை எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. யாருடைய இடத்துக்குள், எதன் மேல் போகிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாண்டானா என்ற மாநிலத்தில் பொது விற்பனை வரி கிடையாது. அங்கே காலடி வைக்காதவர்களும் அங்கே காகிதத்தில் ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதன் பெயரில் தங்கள் வண்டியைப் பதிவு செய்து, அந்த எண் பலகையோடு தங்கள் ஊரில் ஓட்டுகிறார்கள். "நியாயம் ஒன்றுதான், கோடுகள் பொய்" என்று பேசுகிற அதே ஆட்களில் சிலர், தங்களுக்கு லாபமான கோட்டைக் கண்டால் அதை இறுகப் பற்றிக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது. கோடுகளை எதிர்ப்பது ஒரு கொள்கை. கோடுகளை மதிப்பது ஒரு கொள்கை. இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு சமயத்துக்கு ஒன்றை எடுப்பது கொள்கையல்ல, சாமர்த்தியம்.

நம் நாட்டைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். நம்முடைய ஏற்பாடு வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தேசம் முழுவதற்கும் ஒன்று. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு எல்லா மாநிலங்களிலும் செல்லும். இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புது எண் பெற வேண்டும். ஆனால், செய்த கம்பெனி குறிப்பிட்டிருக்கும் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அதன் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் நம் சுப்ரீம் கோர்ட்டு கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. ஆகவே நம் ஊரில், உயர்த்திக் கட்டிய ஜீப்பை ஓட்டிக்கொண்டு களியக்காவிளையைத் தாண்டுகிறவன், "அந்தப் பக்கம் சட்டம் வேறு" என்று சொல்லிக்கொள்ள முடியாது. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வேறுபடுவது, சோதிக்கிறவரின் கண்டிப்பு ஒன்றே. சட்டம் ஒன்றாகிவிட்டால் மனச்சாட்சியின் வேலை முடிந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கன், "எங்கே அனுமதி?" என்று தேடுகிறான். நம்மவன், "எங்கே சோதனை இல்லை?" என்று தேடுகிறான். தேடுகிற மனம் ஒன்றேதான்.

என் நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "கொலராடோ மலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் வேறு வழியே இல்லையா?"

"இருக்கிறது. பெரிய வண்டிக்குப் பின்னால் ஓர் இழுவை வண்டியை மாட்டி, அதன் மேல் இதை ஏற்றிக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அனுமதித்த பாதை வந்ததும் இறக்கி ஓட்டலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். செலவும் சிரமமும்தான் அதிகம்" என்றார்.

அந்தப் பதிலில் எல்லாமே இருந்தது. தம் மகிழ்ச்சியின் செலவைத் தாமே சுமந்துகொண்டு மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அதே பாறையைப் பார்க்கிறார்கள், அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள், தங்கள் கையால் திருத்திய வண்டியின் திறமையை அதே கர்வத்தோடு அனுபவிக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்துபோனது எதுவும் இல்லை. கொஞ்சம் பணமும், கயிறு கட்டுகிற அரை மணி நேரமும்தான்.

நியாயம் கோட்டுக்குக் கோடு மாறுமா என்று கேட்டால், மாறாது என்றே நானும் சொல்வேன். பிறருடைய நம்பிக்கையை என் வசதிக்காகச் செலவழிக்கக்கூடாது என்பதே அந்த மாறாத நியாயம். பிறர் எதை நம்பியிருக்கிறார்கள் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால்தான் ஒரே நியாயத்தைக் கடைப்பிடிக்கிறவன், எல்லைக்கு இந்தப் பக்கம் ஓட்டுகிறான். அந்தப் பக்கம் இறங்கி, வண்டியை ஏற்றிக் கட்டுகிறான்.